கணக்கு தொடங்குமுன் வெளியேறும் வழியைக் கேளுங்கள்

மாஸ்டொடான், ப்ளூஸ்கை என்று சமூக ஊடகப் பெயர்களைக் கேள்விப்பட்டு, எதில் சேர்வது, போனில் எப்படி நுழைவது என்று கேட்பவர்கள் எங்கள் பக்கத்தில் கூடிவிட்டார்கள். பட்டாபிராம் டைடல் பார்க்கில் வேலைக்குச் சேர்ந்த பெண், அம்பத்தூர் எஸ்டேட்டில் சி.என்.சி. மெஷின் ஓட்டும் தம்பி, பூந்தமல்லியில் டியூஷன் எடுக்கும் ஆசிரியை, ஆவடி டேங்க் ஃபேக்டரியில் ஓய்வு பெற்ற என் வயதுக்காரர்கள் என்று எல்லாத் தரப்பிலும் இருக்கிறார்கள். அவரவரிடம் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே எண் போட்டு எழுதுகிறேன். முதல் கணக்கு தொடங்கப் போகிறவர்களுக்காக எழுதியது இது.

1. ஏன் போகிறோம் என்பது தெளிவாக இருக்கட்டும்.

எல்லோரும் போகிறார்களே என்று போனால் இரண்டு வாரத்தில் திரும்பிவிடுவீர்கள். 2019 நவம்பரில் அதுதான் நடந்தது. உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேவின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டது. 1936-இல் ஹாம்பர்க் கப்பல் கட்டும் தளத்தில் கூட்டம் முழுவதும் கைநீட்டி நாஜி வணக்கம் செலுத்த, ஒரே ஒருவர் கைகட்டி நிற்கும் படம் ஒன்று உண்டு. எதேச்சாதிகாரத்துக்கு எதிரான அந்தப் படத்தை ஹெக்டே தன் பக்கத்தின் முகப்பில் வைத்திருந்தார். அதுவே விதிமீறல் என்று சொல்லிக் கணக்கை நிறுத்தினார்கள். திரும்பக் கிடைத்த கணக்கு, ஓர் இந்திக் கவிதையைப் பகிர்ந்த பழைய பதிவுக்காக மறுபடியும் போனது. அந்தக் கோபத்தில் இந்தியாவிலிருந்து பெரிய கூட்டம் மாஸ்டொடானுக்குப் போனது. கோபம் தணிந்ததும் பெரும்பாலோர் பழைய இடத்துக்கே வந்துவிட்டார்கள்.

கோபத்தைவிட நிலையான காரணம் தமிழர்களாகிய நமக்கு இருக்கிறது. யாஹூ குழுமங்களில் ராயர் காபி கிளப், மரத்தடி என்றெல்லாம் இருந்தன. இணையத்தில் தமிழ் எழுதப் பழகிய ஒரு தலைமுறையே அங்கேதான் சண்டை போட்டது, கதை எழுதியது, வெண்பா பழகியது. 2019 டிசம்பரில் யாஹூ அந்தக் குழுமங்களின் பழைய பதிவுகளை அழிக்கத் தொடங்கியது. 2020 டிசம்பர் 15 அன்று குழுமச் சேவையையே மூடியது. ஆர்குட் 2014 செப்டம்பர் 30 அன்று போயிற்று. இந்திய மொழிகளுக்கென்றே பெங்களூரில் 2020-இல் தொடங்கிய கூ, தமிழிலும் எழுத இடம் கொடுத்தது. அதுவும் 2024 ஜூலையில் கடையைக் கட்டியது. இவற்றில் எழுதியவர்கள் செய்த தவறு ஒன்றுமில்லை. நடத்திய நிறுவனத்துக்குக் கட்டுப்படியாகவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறான அனுபவமும் நமக்கே உண்டு. 2004-இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் எதையும் தன்னிடம் எழுதச் சொல்லவில்லை. பிளாகர், வேர்ட்பிரஸ், சொந்தத் தளம் என்று வெவ்வேறு இடங்களில் இருந்த வலைப்பதிவுகளைத் திரட்டி ஒரு பக்கத்தில் காட்டியது. திரட்டியின் செல்வாக்குக் குறைந்த பிறகும் அந்த வலைப்பதிவுகளில் பல அதனதன் இடத்தில் இன்றும் வாசிக்கக் கிடைக்கின்றன. எழுத்து பல இடங்களில் இருக்க வேண்டும், வாசிப்பது ஒரே இடத்தில் முடிய வேண்டும் என்ற இந்த ஏற்பாட்டைத்தான் பரவலாக்கப்பட்ட சமூக ஊடகம் என்று இப்போது சொல்கிறார்கள். நமக்கு இது புதிதே அல்ல.

2. அமைப்பைப் புரிந்துகொள்ள நம் ஊரையே பாருங்கள்.

அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆவடி 2019-இல் தனி மாநகராட்சி ஆனது. பூந்தமல்லி நகராட்சி. மூன்றுக்கும் வீட்டுவரி வேறு, குப்பை வண்டி வேறு, புகார் சொல்லும் இடம் வேறு. ஆனாலும் ஆவடிக்காரர் அம்பத்தூர் ஓ.டி.யில் சாமான் வாங்க யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. சி.டி.எச். ரோடு எந்த எல்லையிலும் நின்றுவிடுவதில்லை.

மாஸ்டொடான் அப்படிப்பட்ட அமைப்பு. ஆயிரக்கணக்கான சர்வர்கள், ஒவ்வொன்றுக்கும் தனி நிர்வாகம், தனி விதிமுறை. ஒரு சர்வரில் இருப்பவர் இன்னொரு சர்வரில் இருப்பவரை ஃபாலோ செய்யலாம், பதில் எழுதலாம். சர்வர்களை இணைக்கும் பொது விதித்தொகுப்புக்கு ஆக்டிவிட்டிபப் என்று பெயர். இணையத்தின் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜனவரியில் அதை ஏற்றுக்கொண்டது. படம் பகிரும் பிக்சல்ஃபெட், வீடியோவுக்கான பியர்டியூப், விவாதங்களுக்கான லெம்மி எல்லாம் அதே விதிப்படி இயங்குவதால், மாஸ்டொடானில் இருந்துகொண்டே பிக்சல்ஃபெட்காரரின் படத்தைப் பார்க்கலாம். இந்த மொத்தக் கூட்டத்துக்கும் ஃபெடிவெர்ஸ் என்று பெயர். மெட்டா நிறுவனத்தின் த்ரெட்ஸ்கூடக் கொஞ்ச தூரம் இதனோடு இணைந்திருக்கிறது.

உங்கள் முகவரியும் இதைக் காட்டும். மின்னஞ்சல் போலவே, பெயருக்குப் பின்னால் சர்வரின் பெயர் வரும். யாராவது தன் மாஸ்டொடான் பெயரைச் சொன்னால் இரண்டு பாதியையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முதல் பாதியை மட்டும் வைத்துத் தேடினால் வேறொருவர் கிடைப்பார்.

3. மாஸ்டொடானா, ப்ளூஸ்கையா?

பழைய ட்விட்டர் போன்ற ஒன்று வேண்டும், ஐந்து நிமிடத்தில் உள்ளே போக வேண்டும் என்றால் ப்ளூஸ்கை எளிது. 2019 டிசம்பரில் ட்விட்டருக்குள் ஒரு திட்டமாக அறிவிக்கப்பட்டு, பிறகு தனி நிறுவனமாகி, 2024 பிப்ரவரியில் அழைப்பு இல்லாமலே எல்லோருக்கும் திறந்தது. அந்த ஆண்டு நவம்பரில் 2 கோடிப் பேரைத் தாண்டியது. பதிவுக்கு 300 எழுத்து. 'கொ' என்பதை ஒரே எழுத்தாக எண்ணுவதால் தமிழில் எழுதுபவருக்கு அந்த 300-இல் நன்றாகவே இடமிருக்கிறது. உங்கள் ஊட்டத்தை (ஃபீட்) எந்த முறையில் வரிசைப்படுத்துவது என்பதை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். மற்றவர்கள் உருவாக்கிய ஊட்டங்களையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மாஸ்டொடானை 2016-இல் ஜெர்மனியில் ஆய்கன் ரோச்கோ என்ற இளைஞர் தொடங்கினார். பதிவுக்கு வழக்கமாக 500 எழுத்து. விளம்பரம் கிடையாது. நீங்கள் ஃபாலோ செய்பவர்களின் பதிவுகள் நேர வரிசையில் வரும், அவ்வளவே. அதனால் முதலில் வெறிச்சென்று தெரியும். பேச்சு நிதானமாக நடக்கும். கட்டற்ற மென்பொருள், அறிவியல், ரயில், பறவை என்று ஒரு விஷயத்தில் ஊன்றியவர்கள் அதிகம்.

எனக்கு முக்கியமாகப் படும் வேறுபாடு இதுதான். ப்ளூஸ்கையின் விதித்தொகுப்பு பரவலாக்கத்துக்கு இடம் தருகிறது. உங்கள் கணக்கை வேறு சர்வருக்குக் கொண்டுபோனால் பழைய பதிவுகளும் கூடவே வரும். அது மாஸ்டொடானில் இல்லாத நல்ல வசதி. ஆனால் நடைமுறையில் மிகப் பெரும்பாலான கணக்குகள் அந்த ஒரே நிறுவனத்தின் சர்வர்களில்தான் இருக்கின்றன. மாஸ்டொடானில் சர்வர்கள் உண்மையாகவே பல கைகளில் பிரிந்து கிடக்கின்றன. ஒரே ஒரு கணக்குதான் தொடங்குவேன் என்பவருக்கு நான் மாஸ்டொடானைத்தான் சொல்வேன். பத்திரிகையாளர்கள், எழுத்தாளர்கள், கிரிக்கெட், சினிமா வேண்டும் என்பவர் ப்ளூஸ்கையில் தொடங்கட்டும், பிழையில்லை. இரண்டுக்கும் நடுவே பிரிட்ஜி ஃபெட் என்ற இணைப்புப் பாலம் இருக்கிறது. விரும்புகிறவர் அதை இயக்கிக்கொண்டால் இந்தப் பக்கத்துப் பதிவு அந்தப் பக்கமும் தெரியும்.

ஸோஹோவின் அரட்டை இதில் சேருமா என்று கேட்கிறார்கள். நம் மாநிலத்தில் உருவான ஆப் என்பதில் எனக்கு மகிழ்ச்சி உண்டு. ஆனால் அது செய்தி அனுப்பும் ஆப், ஒரே நிறுவனம் நடத்துவது. இங்கே பேசும் விஷயம் வேறு.

4. ஆப்பைவிட சர்வர்தான் முக்கியம். இதில் அவசரப்படாதீர்கள்.

மாஸ்டொடான் ஆப்பைத் திறந்தவுடன் மாஸ்டொடான்.சோஷியல் என்ற பெரிய சர்வரில் சேரும்படி பட்டன் காட்டும். அதன் அருகிலேயே வேறு சர்வரைத் தேடும் வழியும் இருக்கும். பெரிய சர்வரில் சேர்வது தப்பில்லை. மாஸ்டொடானை உருவாக்குகிறவர்களே நடத்துவது. ஆனால் எல்லோரும் அங்கேயே போய்க் குவிந்தால் பரவலாக்கம் என்ற சொல்லுக்கு அர்த்தம் போய்விடும். எனவே கொஞ்சம் தேடிப் பாருங்கள்.

தேட ஜாயின்மாஸ்டொடான்.ஆர்க் பக்கத்திலிருந்து தொடங்கலாம். அங்கே பட்டியலில் இடம்பெற ஒரு சர்வர் நான்கு உறுதிமொழி தர வேண்டும்: இனவெறி, பாலினவெறி போன்றவற்றைத் தொடர்ந்து கண்காணித்து நீக்குவது, தினமும் பேக்கப் எடுப்பது, அவசரத்தில் சர்வரைக் கையாள இன்னொரு ஆளும் இருப்பது, மூடுவதென்றால் குறைந்தது மூன்று மாதம் முன்பே சொல்வது. இந்த நான்கையும் நீங்களும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் இல்லாத சர்வராக இருந்தாலும் அதன் 'அறிமுகம்' பக்கத்தைப் படித்து இவற்றுக்குப் பதில் இருக்கிறதா என்று பாருங்கள். நடத்துகிறவர் பெயர் இல்லாத, விதிமுறை எழுதாத சர்வரில் சேர வேண்டாம்.

மூடுவது வெறும் பயமுறுத்தல் இல்லை. மாஸ்டொடான்.டெக்னாலஜி என்ற சர்வர் நன்றாகத்தான் ஓடியது. நடத்தியவருக்குக் குடும்பத்தில் நெருக்கடி வந்ததால் 2022-இன் கடைசியில் மூடினார். முன்கூட்டியே அறிவித்ததால் பயனர்கள் வேறு இடம் போக முடிந்தது. இன்னொரு கதை வேறு மாதிரி. ஆப்கானிஸ்தானின் 'ஏஎஃப்' என்ற டொமைனில் ஒரு சர்வர் இயங்கியது. 2024 பிப்ரவரியில் அந்நாட்டு அமைச்சகம் டொமைனை ரத்து செய்தது. முகவரியே இல்லாமல் போயிற்று. சர்வரின் பெயரில் கடைசி இரண்டு எழுத்து எந்த நாட்டுடையது என்று பார்த்துக்கொள்வது இதனால்தான்.

இந்தியாவிலும் சர்வர் நடத்தும் முயற்சிகள் உண்டு. இந்தியக் கட்டற்ற மென்பொருள் சமூகத்தின் தன்னார்வலர்கள் போடரி என்ற பெயரில் டயஸ்போரா சர்வர் நடத்தினார்கள். டயஸ்போரா என்பது 2010-இல் தொடங்கிய, மாஸ்டொடானுக்கு மூத்த வலை. சென்னையின் லினக்ஸ் பயனர் குழு, கணியம் அறக்கட்டளை, காஞ்சிபுரம், விழுப்புரம் லினக்ஸ் குழுக்கள் ஆகியவற்றின் கூட்டங்களுக்குப் போனால் இந்த அமைப்புகளை உள்ளே நின்று பார்த்தவர்களைச் சந்திக்கலாம். சர்வர் எது என்று குழம்பினால் முகம் பார்த்துக் கேட்கக்கூடிய ஒருவர் இருக்கும் சர்வரைத் தேர்ந்தெடுங்கள். உலகத்தில் எங்கோ இருக்கும் அழகான சர்வரைவிட அது மேல்.

ப்ளூஸ்கையில் இந்தச் சிக்கல் தொடக்கத்தில் வராது. நிறுவனத்தின் சர்வரையே விட்டுவிடுங்கள். சொந்த டொமைன் வைத்திருப்பவர்கள் அதையே தங்கள் பெயராக வைத்துக்கொள்ளலாம். போலிக் கணக்கு தொல்லை உள்ளவர்களுக்கு அது நல்ல காப்பு.

5. ஆப்பை எங்கிருந்து எடுப்பது?

ப்ளே ஸ்டோரில் பெயரைத் தேடினால் ஒரே மாதிரிப் பெயரில் பல வரும். தயாரித்தவர் யார் என்ற வரியைப் படித்த பிறகே இன்ஸ்டால் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பும் ஏபிகே ஃபைலை ஒருபோதும் தொடாதீர்கள். இந்தப் பகுதியில் எத்தனையோ பேரின் வங்கிக் கணக்கு அந்த வழியில்தான் காலியாகியிருக்கிறது.

மாஸ்டொடானுக்கு அதிகாரப்பூர்வ ஆப் தவிர டஸ்கி, ஃபெடிலேப் என்று வேறு ஆப்களும் உண்டு. எல்லாம் ஒரே கணக்கைத்தான் திறக்கும், பிடித்ததை வைத்துக்கொள்ளலாம். கட்டற்ற மென்பொருட்களுக்கான எஃப்-டிராய்டு பற்றி அறிந்தவர்கள் அங்கிருந்தும் எடுக்கலாம். பிக்சல்ஃபெட்டின் அதிகாரப்பூர்வ ஆப் 2025 ஜனவரியில் வந்தது.

போனில் இடம் இல்லையா? ஆப்பே வேண்டாம். குரோமில் உங்கள் சர்வரின் முகவரியைத் திறந்து உள்ளே போய், மெனுவில் 'முகப்புத் திரையில் சேர்' என்பதை அழுத்தினால் போதும். ஆப் போலவே ஐகான் வரும். பழைய 32 ஜிபி போனில் மாஸ்டொடான் இந்த முறையில் நன்றாகவே ஓடும். ஜிஃப் படங்கள் தானாக ஓடுவதை அமைப்புகளில் நிறுத்திவிட்டால் டேட்டாவும் மிஞ்சும்.

தொடர்புப் பட்டியல், லொகேஷன் அனுமதிகளைக் கேட்டால் மறுத்துவிடுங்கள். எழுதவும் படிக்கவும் அவை தேவையில்லை.

6. கேட்கக்கூடாததைக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

மாஸ்டொடான் கணக்குக்கு மின்னஞ்சல், பாஸ்வேர்ட், பெயர் போதும். சில சர்வர்களில் ஏன் சேர விரும்புகிறீர்கள் என்று ஓரிரு வரி எழுதச் சொல்வார்கள். மனிதர் ஒருவர் படித்துப் பார்த்து அனுமதிப்பார், நல்ல அறிகுறி. ஆதார், பான், வங்கி ஓ.டி.பி. இவற்றில் எதையும் நேர்மையான சர்வர் கேட்காது. காயின் வாங்கு, வாலெட் இணை, ஆள் சேர்த்தால் கமிஷன் என்று பேச்சு வந்தால் அது சமூக ஊடகமே இல்லை. பரவலாக்கம் என்ற சொல்லைக் கிரிப்டோ விற்கிறவர்களும் பயன்படுத்துகிறார்கள். ஓய்வூதியப் பணம் கையில் உள்ளவர்கள் இங்கே ரொம்ப எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

பாஸ்வேர்ட் புதிதாக இருக்கட்டும். இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டுவிட்டு, அப்போது தரும் மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதிப் பீரோவில் வையுங்கள். பதிவு செய்த மின்னஞ்சலின் பாஸ்வேர்ட் நினைவிருக்கிறதா என்றும் பாருங்கள். கடைக்காரர் உருவாக்கிக் கொடுத்த ஜிமெயிலை வைத்துக்கொண்டு அதன் பாஸ்வேர்ட் தெரியாமல் இருப்பவர்கள் நம் பக்கத்தில் நிறைய.

7. முதல் வாரம் வெறிச்சென்றுதான் இருக்கும்.

இங்கே உங்களுக்கு எதையும் ஊட்டிவிட மாட்டார்கள். நீங்கள்தான் தேட வேண்டும். மாஸ்டொடானில் ஆட்களைப் போலவே ஹேஷ்டேகையும் ஃபாலோ செய்யலாம். #தமிழ், #சென்னை என்று தமிழிலேயே தேடி, ஃபாலோ பட்டனை அழுத்தினால் அந்தக் குறிச்சொல்லோடு உங்கள் சர்வருக்கு வந்து சேரும் பதிவுகள் உங்கள் ஊட்டத்தில் வரும். நீங்கள் எழுதும்போதும் ஹேஷ்டேக் போடுங்கள். மாஸ்டொடானில் பதிவுகளுக்குள் சொல்லைத் தேடுவது, எழுதியவர் அனுமதித்திருந்தால்தான் நடக்கும். ஆகவே ஹேஷ்டேக் இல்லாத பதிவை அறிமுகமில்லாதவர்கள் கண்டுபிடிப்பது கடினம்.

ப்ரொஃபைலில் படமும் இரண்டு வரி அறிமுகமும் வைத்த பிறகே மற்றவர்களை ஃபாலோ செய்யுங்கள். காலிக் கணக்கு ஃபாலோ செய்தால் ஸ்பாம் என்று நினைத்து பிளாக் செய்துவிடுவார்கள்.

எழுதும் பெட்டியில் மொழியைத் தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கிறது; மாஸ்டொடானிலும் உண்டு, ப்ளூஸ்கையிலும் உண்டு. தமிழில் எழுதினால் தமிழ் என்று வையுங்கள். ஆங்கிலம் என்று விட்டுவிட்டால், தமிழ்ப் பதிவுகள் மட்டும் வேண்டும் என்று வடிகட்டி வைத்திருப்பவருக்கு உங்கள் எழுத்து போய்ச் சேராது. சின்னப் பட்டன், ஆனால் தமிழ்க் கணக்குகளில் பாதிப் பேர் இதைத் தொடுவதே இல்லை என்பது என் வருத்தம்.

8. தனிச்செய்தி என்பது தனிச்செய்தி இல்லை.

மாஸ்டொடானில் ஒருவருக்கு மட்டும் அனுப்பும் செய்தியை இரு சர்வர்களின் அட்மின்களும் நினைத்தால் படிக்க முடியும். அது முழுமையாகப் பூட்டப்பட்ட செய்தி அன்று. ப்ளூஸ்கையின் செய்தி வசதியும் அப்படியே. 2023 மே மாதம் அமெரிக்காவில் கொலெக்டிவா என்ற மாஸ்டொடான் சர்வரின் அட்மின் ஒருவர் வீட்டில் வேறொரு விஷயமாக எஃப்.பி.ஐ. சோதனை நடத்தியது. அப்போது அவரிடம் பூட்டப்படாமல் இருந்த சர்வரின் தரவுப் பிரதியும் அவர்கள் கைக்குப் போனது. பயனர்கள் மீது எந்தக் குற்றச்சாட்டும் இல்லை, ஆனாலும் அவர்களுடைய செய்திகள் போயின.

மாஸ்டொடானின் தனிச்செய்தியில் மூன்றாமவரின் பெயரை @ போட்டு எழுதினால் அவருக்கும் அந்தச் செய்தி போகும் என்பதையும் மறக்காதீர்கள். ப்ளூஸ்கையில் நீங்கள் யாரை பிளாக் செய்தீர்கள் என்பதுகூடப் பொதுவெளியில் இருக்கும். குடும்ப விஷயம், மருத்துவ ரிப்போர்ட், பணம் இவற்றுக்கு சிக்னல் போன்ற ஆப்பை வைத்துக்கொள்ளுங்கள்.

9. சர்வர் ஜெர்மனியில் இருக்கலாம், நீங்கள் இருப்பது ஆவடியில்.

2012-இல் புதுச்சேரி வியாபாரி ஒருவர் ஒரு ட்வீட்டுக்காகக் கைது செய்யப்பட்டார். அப்போது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு இருந்தது. 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பெரிய விடுதலை அது. ஆனால் அவதூறு இன்னும் குற்றம்தான், பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் இருக்கிறது. எந்த சர்வரில் எழுதினாலும் எழுதியவர் நீங்கள். கவுன்சிலரைக் கேள்வி கேளுங்கள், தைரியமாகக் கேளுங்கள். ஆதாரம் இல்லாமல் திருடன் என்று எழுதாதீர்கள்.

10. பழைய வாசலை மூட வேண்டாம்.

சென்னை மாநகராட்சி, போக்குவரத்துக் காவல், தெற்கு ரயில்வே என்று பொது அமைப்புகள் அறிவிப்புகளைப் போடுவது எக்ஸிலும் (பழைய ட்விட்டர்) முகநூலிலும்தான். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள்ளும் கொரட்டூரிலும் தண்ணீர் நின்றபோது, கரண்ட் இல்லாமல், சிக்னல் வந்து வந்து போன நேரத்தில், எந்தத் தெருவில் படகு வருகிறது, பால் எங்கே கிடைக்கிறது என்பதெல்லாம் எக்ஸிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும்தான் ஓடியது. அப்படிப்பட்ட நாளில் கொள்கை பேசிக்கொண்டிருக்க முடியாது. பழைய கணக்கு இருக்கட்டும். அதில் உங்கள் புதிய முகவரியை எழுதி வையுங்கள். வேண்டியவர்கள் மெல்ல வருவார்கள்.

11. வெளியேறும் வழியை ஒருமுறை நடந்து பாருங்கள்.

இதைத்தான் எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள். எனக்கு இதுதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்.

மாஸ்டொடானில் இதற்கு ஆப் போதாது, பிரௌசரில் உங்கள் சர்வரைத் திறக்க வேண்டும். அமைப்புகளில் 'ஏற்றுமதி, இறக்குமதி' பகுதிக்குப் போங்கள். நீங்கள் ஃபாலோ செய்பவர்கள், பிளாக் செய்தவர்கள், புத்தகக்குறிகள் என்று ஒவ்வொரு பட்டியலையும் தனி ஃபைலாக இறக்கலாம். பதிவுகளும் படங்களும் அடங்கிய முழுத் தொகுப்பை ஏழு நாளுக்கு ஒருமுறை கேட்டு வாங்கலாம். தயாரானதும் மின்னஞ்சல் வரும். அதைப் போனிலேயே விடாமல் பென்டிரைவிலோ கம்ப்யூட்டரிலோ போட்டு வையுங்கள்.

சர்வர் மாற வேண்டி வந்தால் வரிசை இது. புதிய சர்வரில் கணக்கு தொடங்குங்கள். அங்கே அமைப்புகளில், பழைய கணக்கு என்னுடையதே என்று அதன் முகவரியைப் பதியுங்கள். பிறகு பழைய கணக்குக்குத் திரும்பி, 'வேறு கணக்குக்கு மாறு' என்பதில் புதிய முகவரியைக் கொடுங்கள். உங்களை ஃபாலோ செய்பவர்கள் தாமாகவே புதிய கணக்குக்கு வந்துவிடுவார்கள். நீங்கள் ஃபாலோ செய்பவர்களின் பட்டியலை ஃபைலிலிருந்து ஏற்ற வேண்டும். பழைய பதிவுகள் மட்டும் பழைய சர்வரிலேயே நிற்கும், கூட வராது. ஒருமுறை மாறிய பின் அடுத்த 30 நாள் மறுபடி மாற முடியாது. பழைய சர்வர் உயிரோடு இருக்கும்போதுதான் இதெல்லாம் நடக்கும் என்பதால், மூடும் அறிவிப்பு வந்த அன்றே செய்யுங்கள்.

ப்ளூஸ்கையில் அமைப்புகளின் கணக்குப் பகுதியில் தரவை இறக்கும் பட்டன் இருக்கிறது. அந்த ஃபைலில் உங்கள் பதிவுகள் வரும், படங்கள் வராது. படங்களைத் தனியாக வைத்திருங்கள்.

12. அட்மினும் மனிதர்தான்.

பல சர்வர்களை ஒருவரோ இருவரோ தங்கள் வேலை நேரம் போக நடத்துகிறார்கள், வாடகையையும் தாங்களே கட்டுகிறார்கள். நன்கொடை வழி இருந்தால் மாதம் ஒரு ரீசார்ஜில் பாதியாவது கொடுங்கள். தவறான பதிவைக் கண்டால் சண்டைக்குப் போகாமல் ரிப்போர்ட் செய்யுங்கள். என்ன தவறு என்று ஒரு வரி சேர்த்தால் அவர்களுக்கு வேலை குறையும்.

13. பிள்ளைகளுக்குக் கணக்கு.

18 வயதுக்குக் கீழே இருப்பவரைக் குழந்தை என்றே 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஒவ்வொரு சர்வருக்கும் தனி வயது வரம்பும் உண்டு. பெற்றோரும் உட்கார்ந்து விதிமுறையைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

14. எழுதுங்கள், தமிழில் எழுதுங்கள், நம் பக்கத்தைப் பற்றி எழுதுங்கள்.

பரவலாக்கப்பட்ட வலைகளில் ஆங்கிலமும் ஜெர்மனும் ஜப்பானியமும் நிறைந்து கிடக்கின்றன. தமிழ் குறைவு. நம் புறநகரைப் பற்றித் தமிழில் தேடினால் கிடைப்பது பெரும்பாலும் ரியல் எஸ்டேட் விளம்பரம். பருத்திப்பட்டு ஏரியில் இன்று என்ன பறவை, பட்டரவாக்கம் ஸ்டேஷனில் எந்த வண்டி நின்றது, திருமுல்லைவாயில் கோயில் மண்டபத்தில் என்ன பார்த்தீர்கள், எஸ்டேட்டில் உங்கள் பட்டறையில் எந்த வேலை எப்படி நடக்கிறது என்று எழுதுங்கள். நாற்பது வருடம் மெஷினோடு நின்றவர்களின் தலையில் இருப்பது இன்னும் எங்கும் எழுதப்படவில்லை.

படம் போட்டால் அதற்கு விவரம் எழுதும் பெட்டியைக் காலியாக விடாதீர்கள். பார்வையற்றவர்களின் போன் அதைத்தான் வாசித்துக் காட்டும். மாஸ்டொடானில் இதை எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். 'ஏரி' என்று ஒரு சொல் போதாது. 'பருத்திப்பட்டு ஏரி, காலை நேரம், நடைபாதைக் கம்பியில் இரண்டு நீர்க்காகங்கள் சிறகை விரித்து உலர்த்துகின்றன' என்று எழுதுங்கள். மொழியைத் தமிழ் என்று வையுங்கள். #ஆவடி, #பறவைகள் என்று இரண்டு ஹேஷ்டேக் போட்டு அனுப்புங்கள்.